கால் ஊன்றும் பழக்கம்

வெஸ்ஸிங்டன் ஊரைத் தாண்டியதும் தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்துகொண்டது. பின்னால் இழுத்து வந்த ட்ரெய்லரில் அது படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் பிக்கப் வண்டிக்குள் வரை கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஆர்டிஸ் கண்ணாடியில் பார்த்தாள். நீலத் தார்ப்பாய் விலகி, உள்ளேயிருந்து மோட்டார் சைக்கிளின் கருஞ்சிவப்புப் பெட்டிகளும் பின்சீட்டின் சாய்மானமும் தெரிந்தன. அவள் முதுகு பட்டுப் பட்டே நிறம் வெளுத்த சாய்மானம் அது.

"நிறுத்து," என்றார் லோவெல்.

"காத்து தூக்கிட்டா போயிடும்? ஹ்யூரான் வந்தாச்சு."

"நிறுத்துன்னு சொன்னேன்ல, ஆர்டிஸ்."

நிறுத்தினாள். அவர் இறங்கிப் போய்க் கயிற்றைப் பிடித்தார். இடது கை கயிற்றைப் பிடிப்பதற்கும் வலது கை முடிச்சுப் போடுவதற்கும் நடுவில் ஏதோ ஒன்று நழுவிக்கொண்டே இருந்தது. ஆர்டிஸ் இறங்கவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனிதனுக்கு எப்போது உதவக்கூடாது என்று தெரிந்துகொள்ள நாற்பது வருடக் கல்யாணம் தேவைப்படுகிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு பயன்படுத்துவதற்கு அதிக நாள் மிச்சமிருப்பதில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்ச்சாரியில் ஐந்தாறு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. முதலில் வந்தவன் இடது கையைத் தாழ்த்தி இரண்டு விரலை நீட்டினான். சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் இன்னொருவனுக்குச் சொல்லும் வணக்கம் அது. ட்ரெய்லரில் தெரிந்த வண்டியைப் பார்த்துத்தான் நீட்டியிருக்க வேண்டும். லோவெல் கயிற்றைக் கையில் வைத்தபடி சட்டென்று முகத்தை ட்ரெய்லர் பக்கம் திருப்பிக்கொண்டார், கடையில் கடன்காரனைக் கண்ட மாதிரி.

மோட்டார் சைக்கிளை ஓட்டாமல் ட்ரெய்லரில் ஏற்றி வருகிறவர்களை அவரே எத்தனை தடவை கிழித்திருக்கிறார். "சக்கரம் எதுக்கு வச்சிருக்கான்? செம்மறிக் குட்டிய ஏலத்துக்குக் கொண்டு போற மாதிரி ஏத்திட்டு வர்றான் பாரு," என்று ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்குப் போகும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் அவர் சொன்னதற்குப் பக்கத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். தங்கள் மில்லர் ஊர் க்ளப்பில் அவர்தான் முன்னால் போகிறவர். எங்கே திரும்புவது, எங்கே நிற்பது, எந்தக் கடையில் ஆப்பிள் பை சாப்பிடுவது எல்லாம் அவர் கைஜாடைதான். எல்லோரும் அவரைக் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். வரிசை எப்படிப் போக வேண்டும் என்ற விதியையும் அவர்தான் போட்டார். இரண்டு சக்கர வண்டிகள் முன்னால், இடமும் வலமுமாக மாற்றி மாற்றி. வண்டியை மூன்று சக்கரமாக்கிக்கொண்டவர்கள் கடைசியில். மூன்று சக்கரம் சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொள்ளும், ஒதுங்க முடியாது என்று காரணமும் சொன்னார். காரணம் சரிதான். ஆனால் அதைச் சொன்னபோது அவர் உதட்டோரம் இருந்த சிரிப்புக்கு ஆர்டிஸ் சாட்சி.

ஏப்ரலில் பியர் நகரத்தில் விழுந்தார்கள். ஓடும்போது அல்ல. நிற்கும்போது. சிக்னலில் வண்டி நின்றது, லோவெலின் இடது கால் தரைக்குப் போக வேண்டிய நேரத்தில் போகவில்லை. ஒரு நொடி பிந்திப் போனது. அந்த ஒரு நொடிக்குள் அவ்வளவு பெரிய வண்டி, தூங்க இடம் தேடும் பசு மாதிரி மெதுவாக, மரியாதையாகச் சாய்ந்தது. ஆர்டிஸின் இடது மணிக்கட்டு அதற்கடியில் போனது. இப்போது உள்ளே ஒரு தகடு இருக்கிறது. மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் அது சொல்லிவிடும்.

சூ ஃபால்ஸ் நகரத்து டாக்டர் அந்த ஒரு நொடிக்குப் பெயர் சொன்னார். பார்க்கின்சன். லோவெல் அந்தப் பெயரை இதுவரை வாயால் சொன்னதில்லை. யார் கேட்டாலும் முழங்கால் என்பார்.

மணிக்கட்டைக் கட்டிக்கொண்டு வீடு வந்த அன்று ஆர்டிஸ் ஒன்றே ஒன்று சொன்னாள்: "ரெண்டு சக்கரத்துல இனிமே உன் பின்னாடி ஏற மாட்டேன்." அவர் சரி என்றார். அடுத்த வாரமே ப்ரூக்கிங்ஸில் ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்கிறார் என்றார். தனியாக ஓட்டுவேன் என்று சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்திருந்தாள். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வண்டி போனால் என்ன போகும் என்பது அவளுக்குத் தெரியும். லோவெல் வீட்டில் பேசாத ஆள். உப்பு எங்கே, நாய்க்குச் சோறு வைத்தாயா, அவ்வளவுதான். ஆனால் தலைக்கவசத்தை மாட்டி, உள்ளேயிருக்கும் மைக்கைப் போட்டுவிட்டால் மனிதர் திறந்துகொள்வார். அவள் காதுக்குள் அவர் குரல் ஊர் ஊராகப் பேசிக்கொண்டு வரும். தன் அப்பாவைப் பற்றி, பிறந்த அன்றே போன அவர்கள் முதல் குழந்தையைப் பற்றி, கடவுள் இருக்கிறாரா என்பதைப் பற்றி எல்லாம் அவர் அவளிடம் பேசியது சாலையில்தான், முகம் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு. ஏப்ரலுக்குப் பிறகு அந்தக் குரல் இல்லை. வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது.

"மூணு சக்கரத்த ஒரு தடவ பாப்போம். புடிக்கலன்னா ஞாயித்துக்கெழம ப்ரூக்கிங்ஸ்காரர் வந்து எடுத்துட்டுப் போகட்டும்," என்றாள். அந்தப் பேரத்துக்கு அவர் ஒத்துக்கொண்டார். கிளம்பும்போது இரண்டு தலைக்கவசங்களையும் அவள் பிக்கப்பின் பின்சீட்டில் வைத்ததை அவர் பார்த்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்.

மோட்டார் சைக்கிள்களை மூன்று சக்கரமாக மாற்றித் தரும் டெல்மார் க்ராட்சரின் பட்டறை ஹ்யூரானுக்கு வெளியே, ஒரு காலத்தில் டிராக்டர் விற்ற பெரிய கொட்டகையில் இருந்தது. பின்னால் தானியக் கிடங்கின் கோபுரங்கள். அவற்றைச் சுற்றி லாரிகளுக்காகப் போட்ட தார்ச்சாலை ஒன்று வளையமாகப் போய் வாசல் கேட்டில் நெடுஞ்சாலையைத் தொட்டது.

டெல்மார் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். ட்ரெய்லரைப் பார்த்தான். லோவெலைப் பார்த்தான்.

"கேப்டன்! ட்ரெய்லர்லயா? உலகம் முடியப்போவுதுன்னு ரேடியோல சொல்லவே இல்லையே!"

"முழங்கால்," என்றார் லோவெல்.

"எங்கிட்ட வர்ற அத்தன பேருக்கும் முழங்கால்தான். சௌத் டகோட்டால வேற எந்த உறுப்புக்கும் சீக்கு வர்றதே இல்ல. வாங்க மேடம், காபி இருக்கு. என் பொண்டாட்டி பண்ண குஹென் கேக் இருக்கு. அத மட்டும் நல்லாருக்குன்னு சொல்லிடுங்க, இல்லன்னா நாளைக்கும் அதையே அனுப்புவா."

ஆர்டிஸ் ஒரு துண்டு குஹென் எடுத்துக்கொண்டு ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நன்றாகத்தான் இருந்தது. அவள் அப்பா மாட்டுத் தரகர். ஏலக் கொட்டகையின் பலகைப் படிகளில் வளர்ந்தவள் அவள். வாங்க வந்தவன் மாட்டை எங்கே தொடுகிறான், எப்போது தொப்பியைத் தள்ளிக்கொள்கிறான் என்று பார்த்தே அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று அப்பாவுக்குச் சாடை காட்டுவாள். அந்தக் கண் இன்னும் போகவில்லை. இன்று அது புருஷன் மேல் இருந்தது.

டெல்மார் மூன்று விதமான மாற்றங்களைத் தரையில் பரப்பி வைத்திருந்தான். முதலாவதில் வண்டியின் சொந்தப் பின்சக்கரம் அப்படியே இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு சக்கரங்களைச் சேர்த்து மாட்டிவிடுவது. அடுத்த இரண்டிலும் பழைய பின்சக்கரத்தையும் அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கையையும் கழற்றி எறிந்துவிட்டு, கார் மாதிரி அச்சும் இரண்டு சக்கரங்களும் போடுவது. ஒன்றில் ஒரே அச்சு, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இரண்டு பக்கமும் உதறும். இன்னொன்றில் ஒவ்வொரு சக்கரமும் தன் பள்ளத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். "பின்னாடி உக்கார்றவங்க முதுகுக்கு இதுதான்," என்றான் டெல்மார், ஆர்டிஸைப் பார்த்துக்கொண்டே. விற்கத் தெரிந்தவன். விலை பேசுகிறவனிடம் பேசாமல் விலையைத் தீர்மானிக்கிறவளிடம் பேசினான்.

லோவெல் முதலாவதன் அருகே போய் நின்றார். குனிந்து அதன் போல்ட்டுகளை விரலால் தடவினார். மற்ற இரண்டையும் நின்ற இடத்திலிருந்தே பார்த்துத் தலையாட்டினார்.

"இத எவ்ளோ நேரத்துல கழட்டலாம்?" என்றார்.

மாட்ட எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை. ஆர்டிஸ் குஹெனை மென்றுகொண்டே இருந்தாள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிச்சா சாயங்காலக் காபிக்கு முன்னாடி கழட்டிடலாம்," என்றான் டெல்மார். "ஆனா கேப்டன், உண்மையச் சொல்றேன். இதுவரைக்கும் கழட்டிக் குடுன்னு கேட்டு ஒருத்தரும் வந்ததில்ல. மேடு பள்ளமான ரோட்டுல ரெண்டு பக்கச் சக்கரமும் ஏறி நின்னுக்கும், நடுச் சக்கரம் பிடி இல்லாம சுத்தும். அதையும் சொல்லிடறேன். அப்புறம் டெல்மார் சொல்லலன்னு சர்ச்ல என் மானத்த வாங்கக் கூடாது."

"முழங்கால் சரியாயிடுச்சுன்னா…"

டெல்மாரின் கண் மேலே போனது. பரண் முழுக்கப் பின்சக்கரங்கள். கழற்றிப் போட்டவை. ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் அட்டை, பெயரோடு. பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுப் போனவர்களுடையவை. லோவெல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குத் தெரிந்த பெயர்கள் இருந்தன. க்ளிஃபோர்ட் பாயெர் என்று ஒன்று, க்ளப் வரிசையின் கடைசியில் மூன்று சக்கரத்தில் வந்தவர். க்ளிஃபோர்டின் அடக்கத்துக்கு முன்னூறு வண்டிகளை ஓல்ஸி ஊர் வரை நடத்திப் போனது லோவெல்தான். சக்கரம் இங்கே இருக்கிறது.

"வீட்டுக்காரங்க யாரும் வந்து கேக்கறதில்லயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கேக்க மாட்டாங்க. நானும் தூக்கிப் போட மாட்டேன். தூசி தட்டுவேன், அவ்ளோதான்."

ஆர்டிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஓட்டிப் பாக்க ஒண்ணு இருக்கா?"

டெல்மாரின் சொந்த வண்டி வெளியே நின்றது. இவர்களுடையது மாதிரியே, கியர் தானாக மாறும் ரகம், ஒரே அச்சுப் போட்ட மூன்று சக்கரம். லோவெல் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே முதுகு நிமிர்ந்தது. அவ்வளவு நாளாக எங்கே ஒளிந்திருந்ததோ அந்த நிமிர்வு.

"ரெண்டே விஷயம், கேப்டன். திரும்பணும்னா சைக்கிள் ஓட்டக் கத்துக்கற புள்ள மாதிரி ஹேண்டில அந்தப் பக்கமே திருப்புங்க. அமுக்காதீங்க. சாயாதீங்க. ரெண்டாவது, நின்னா கால கீழ வைக்காதீங்க. வண்டி விழாது. கால் கீழ இருந்தா பின்சக்கரம் அதும் மேல ஏறும்."

"நான் ஓட்ட ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவே இல்லடா."

"அதான் பயமே," என்றான் டெல்மார்.

அவர் கிளம்பினார். நேராகப் போகும்வரை அழகாகப் போனார். கிடங்கின் மூலையில் சாலை இடதுபுறம் திரும்பியது. இரண்டு சக்கரத்தில் இடதுபக்கம் போக வேண்டுமானால் இடது கைப்பிடியை முன்னால் அமுக்க வேண்டும். வண்டி சாயும், சாய்ந்த பக்கம் போகும். யோசித்துச் செய்வதல்ல. மூச்சு விடுவது மாதிரி. லோவெல் அமுக்கினார். வண்டி சாயவில்லை. ஹேண்டில் சொன்னதைச் சொன்னபடி கேட்டு வலதுபக்கம் புல்லுக்குள் இறங்கியது. அவர் பதறி இன்னும் பலமாக அமுக்கினார். இன்னும் வலதுபக்கம் போனது. முள்வேலிக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினார். நிற்பதற்கு ஒரு கணம் முன்னால் இடது கால் தானாகக் கீழே போனது.

பியர் சிக்னலில் பிந்திய கால், இன்று பிந்தவில்லை.

சக்கரத்தின் மூடி அவர் பூட்ஸின் குதிகாலைப் பிடித்து உள்ளே இழுத்தது. ஆர்டிஸ் ஓடினாள். டெல்மார் அவளுக்கு முன்னால் ஓடினான். வண்டியைப் பின்னால் தள்ளிக் காலை விடுவித்தார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை. பூட்ஸின் குதிகால் மட்டும் பிய்ந்து தொங்கியது.

"எல்லாருக்கும் நடக்கறதுதான்," என்றான் டெல்மார். இப்போது அவன் குரலில் வேடிக்கை இல்லை. "நல்லா ஓட்டினவங்களுக்குத்தான் நடக்கும். கத்துக்குட்டிக்கு நடக்காது."

லோவெல் தலைக்கவசத்தைக் கழற்றினார். இடது கை ஆடிக்கொண்டிருந்தது. அதை வலது கையால் பிடித்தார், பிறகு பிடித்ததை டெல்மார் பார்த்துவிட்டான் என்று விட்டுவிட்டார்.

"முழங்கால் இல்ல, டெல்மார்," என்றார். "பார்க்கின்சன்."

புல்லில் காற்று போய்க்கொண்டிருந்தது. டெல்மார் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் வைத்துக்கொண்டான்.

"ப்ரூக்கிங்ஸ்காரனக் கூப்பிட்டுடு ஆர்டிஸ். போதும்."

இந்த இடத்தில் ஏலக் கொட்டகையில் ஏலம் முடிந்ததென்று மணி அடித்துவிடுவார்கள். ஆர்டிஸ் அவர் கால்சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். யார் ஓட்டப் போகிறார்கள் என்று இதுவரை யாரும் கேட்கவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சாலை முழுக்க இத்தனை வருடம் அவளும்தான் வந்தாள். அவளும் கேட்காமல்தான் இருந்தாள்.

"நான் ஒரு சுத்து போயிட்டு வர்றேன்," என்றாள்.

"நீயா? நீ ஹேண்டிலத் தொட்டதே இல்ல."

"அமுக்கித் திருப்பறதும் எனக்குத் தெரியாது, கால ஊனறதும் எனக்குத் தெரியாது. பன்னெண்டு வயசுல டிராக்டர் ஓட்டுனேன். இதுவும் அந்த ஜாதிதான்."

டெல்மார் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். கிடங்குச் சாலை அவன் நிலம், லைசென்ஸ் கேட்க யாருமில்லை.

தன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அவள் ஓட்டினாள். அழகாக ஓட்டினாள் என்று சொல்ல முடியாது. உழவுக்குப் போகிறவள் மாதிரி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, முதல் மூலையில் மெதுவாக, இரண்டாம் மூலையில் கொஞ்சம் தைரியமாக. திருப்ப வேண்டிய பக்கம் திருப்பினாள், வண்டி அந்தப் பக்கம் போனது. கோபுரங்களுக்குப் பின்னால் மறைந்து மறுபக்கம் வந்தாள். லோவெல் வேலியோரம் பிய்ந்த பூட்ஸோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். க்ளப்பில் புதிதாக வந்தவனின் ஓட்டத்தை எடை போடுவாரே, அந்த முகம்.

அவர் முன்னால் வந்து நிறுத்தினாள். கால் இரண்டும் பலகையிலேயே இருந்தன. ஹேண்டிலை விட்டுவிட்டு இடது மணிக்கட்டை வலது கையால் தேய்த்துக்கொண்டாள். தேய்த்ததை மறைக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

"ரெண்டாவது மூலைய லேட்டாப் புடிச்ச," என்றார் லோவெல்.

"தெரியும்."

"கண்ணு மூலைல இருக்கக் கூடாது. மூலைக்கு அந்தப் பக்கம் இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "கை வலிக்குதா?"

"திருப்ப கனமாத்தான் இருக்கு."

அவர் அந்த மணிக்கட்டையே பார்த்தார். டெல்மாரிடம் திரும்பினார். "முன்னாடி ஏதோ மாத்துவியேப்பா. லேசாத் திரும்பறதுக்கு."

டெல்மாருக்குப் புரிந்தது. அதனால்தான் உடனே சரி சொல்லவில்லை. "முன்சக்கரத்தப் பிடிச்சிருக்கற ஃபோர்க்கோட சாய்வ மாத்தணும் கேப்டன். மாத்திட்டா கொழந்தகூடத் திருப்பும். ஆனா அதுக்கப்புறம் அது ரெண்டு சக்கர வண்டி இல்ல. திரும்ப ரெண்டு சக்கரத்துக்குப் போகணும்னா முன்னாடியும் பின்னாடியும் பிரிக்கணும். பக்கத்துல மாட்டற அந்த முதல் ரகத்துக்கு அத நான் பண்றதில்ல."

"முதல் ரகம் வேணாம். தனித்தனியாப் பள்ளத்தப் பாத்துக்கும்னியே, அது. முன்னாடியும் மாத்திடு."

"பழைய சக்கரம்? ட்ரெய்லர்ல ஏத்தித் தரவா, இல்ல…"

லோவெல் கொட்டகையின் இருட்டைப் பார்த்தார். பரண் இங்கிருந்து தெரியாது. தலைக்கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டு பின்சீட்டுக்கு ஏறினார். ஏறுவதற்கு நேரம் பிடித்தது. ஆர்டிஸ் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எடை பின்னால் உட்காருவதை வண்டி அவளுக்குச் சொன்னது. கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் தன் தொடையில், பிறகு ஓரக் கம்பியில், கடைசியில் அவள் இடுப்பில்.

"இங்க உக்காந்தா ஒண்ணுமே தெரியலயே," என்றது அவள் காதுக்குள் குரல். "உன் தலதான் தெரியுது."

"நாப்பது வருஷமா எனக்கு என்ன தெரிஞ்சுதுன்னு நெனச்ச?"

காதுக்குள் ஒரு சின்னச் சிரிப்பு. ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவை. அவள் வண்டியை நகர்த்தினாள். அவர் பேசத் தொடங்கினார். மூலையைப் பற்றி, ரோட்டின் சரிவைப் பற்றி, க்ளிஃபோர்டைப் பற்றி. க்ளிஃபோர்ட் கடைசியில் வந்துகொண்டிருந்தபோது தான் முன்னாலிருந்து ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்துக் கையசைக்கவில்லை என்றார். கோபுரங்களின் நிழல் அவர்கள் மேல் ஏறி இறங்கியது.

சாலை கேட்டுக்கு வந்தது. நெடுஞ்சாலைக்கு முன்னால் நிற்கச் சொல்லும் சிவப்புப் பலகை. அதைத் தாண்ட அவளுக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் கிடையாது. இடதுபுறம் திரும்பி மறுபடி வளையத்துக்குள் போக வேண்டும். இடதுபக்கம் திரும்பும் விளக்கைப் போட்டுவிட்டு நிறுத்தினாள்.

வண்டி நின்ற அதே கணத்தில் பின்னால் ஏதோ அசைந்தது. அவர் இடது தொடை அவள் இடுப்பை விட்டு விலகியது. கண்ணாடியில் பார்த்தாள். பிய்ந்த குதிகாலோடு அந்த பூட்ஸ் பலகையை விட்டு இறங்கி, தரைக்குப் போகிற வழியில், தாருக்கு ஒரு விரல்கடை மேலே நின்றுகொண்டிருந்தது. லேசாக ஆடியது. காதுக்குள் அவர் மூச்சு மட்டும் கேட்டது. நெடுஞ்சாலையில் ஒரு தானிய லாரி போனது. கொட்டகை வாசலிலிருந்து டெல்மார் தொப்பியை ஆட்டி என்ன ஆயிற்று என்று கேட்டான். விளக்கு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் கைப்பிடியைத் திருகாமல், கண்ணாடியில் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு, அது மேலே வருவதற்காகக் காத்திருந்தாள்.